யந்திரம் ஓடியது, விளக்கு எரியவில்லை

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் வட்டாரத்தில் மறந்தவர் எவரும் இரார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. தாமிரவருணிக் கரையிலுள்ள ஊர்கள் பட்ட பாட்டைப் பத்திரிகைகள் விரிவாக எழுதின. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காடுகளில் மானாவாரி உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் நீரில் நின்று அழுகியதை எழுதியவர்கள் சிலரே. கரிசல் ஊறிவிட்டால் அதில் நட்டது எதுவும் நேராக நிற்பதில்லை. மின்கம்பங்கள் சாய்ந்தன, கம்பிகள் அறுந்தன. உள்ளடங்கிய கிராமங்கள் சில, நாட்கணக்கில் இருளில் கிடந்தன.

அந்நாட்களில் சேத விவரம் சேகரிக்கும் பொருட்டு விளாத்திகுளம் சாலையை ஒட்டிய ஒரு கிராமத்துச் சங்கத்துக்கு நான் சென்றிருந்தேன். அலுவலகத் திண்ணையில் அங்கத்தினர் ஒருவர் கையில் மனுவுடன் காத்திருந்தார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். கைத்தறி நெசவு அவர் தொழில்; நான்கு ஏக்கர் மானாவாரியும் உண்டு. பயிர் போனதற்கு நிவாரணம் கேட்டு வந்திருக்கிறார் என்றே எண்ணினேன். மனுவைப் பிரித்தால், ‘ஜெனரேட்டர் ரீவைண்டிங் செலவுக்காக ரூபாய் ஆறாயிரம் கடன்’ என்று எழுதியிருந்தது.

“ஐயா, இதை இன்றைக்கே முடித்துக் கொடுத்தால் பெரிய உபகாரமாக இருக்கும். வீட்டில் அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது” என்றார்.

அவருடைய தாயாருக்கு எண்பத்தைந்து வயது. நெடுநாளாக ஆஸ்த்மா. மருந்தைப் புகையாக்கி மூக்கில் செலுத்தும் நெபுலைசர் என்னும் சிறு கருவியை நாள்தோறும் உபயோகித்து வந்தார்கள். மின்சாரம் நின்ற அன்று இரவே இன்வெர்ட்டரின் பாட்டரி தீர்ந்துவிட்டது. மறுநாள் டிராக்டரில் ஏற்றிக் கோவில்பட்டி மருத்துவமனைக்குக் கொண்டுபோய்த் திரும்பியிருக்கிறார்கள். வீட்டில் இரண்டு கே.வி.ஏ. பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று இருந்தது. அதை வெளியே இழுத்து, கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, கயிற்றை ஏழெட்டு முறை இழுத்ததும் யந்திரம் ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் விளக்கு எரியவில்லை. மோட்டார் பழுது பார்க்கும் ஒருவர் வந்து பார்த்து, “அண்ணாச்சி, காயில் போய்விட்டது, ரீவைண்டிங் பண்ணாமல் சரிவராது” என்று சொல்லிப் போயிருக்கிறார்.

கடன் வழங்குவது சங்கத்தின் பொறுப்பு. ஆயினும் காரியதரிசி என் அபிப்பிராயத்தை எதிர்பார்த்து என் முகத்தைப் பார்த்தார். ஒரு நாள் பொறுக்குமாறு நான் சொன்னேன். ஒரு மூதாட்டி மூச்சுக்குத் தவிக்கும் வேளையில் அப்படிச் சொன்னது சரியா என்று அன்று மாலை வரை எனக்கே நிச்சயமில்லை. ஆனால் ரீவைண்டிங் என்றால் யந்திரத்தைப் பட்டறைக்கு எடுத்துச் சென்று திரும்ப நாலைந்து நாட்கள் ஆகும். அதுவரை கடனால் அந்த அம்மாளுக்கு எந்தப் பிரயோஜனமும் இராது என்பதும் தெளிவாகவே இருந்தது. அதற்கு மேல், அவர் சொன்ன ஒரு விவரம் என் மனத்தில் முள்ளாகத் தைத்தது. அந்த யந்திரம் ஒன்பது வருஷங்களாக ஓடவில்லை. ஓடாத யந்திரத்தில் காயில் எரிந்தது எப்படி?

2012-இல் தமிழ்நாட்டில் இருந்த மின்வெட்டை நெசவாளர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. சென்னைக்கு வெளியேயிருந்த ஜில்லாக்களில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் மின்சாரம் இன்றிக் கழிந்த நாட்கள் உண்டு. தார் சுற்றும் மோட்டாருக்கும் தறிக்குழியில் ஒரு விளக்குக்குமாக மனைவியின் சங்கிலியை அடகு வைத்து அந்த யந்திரத்தை அவர் வாங்கியிருக்கிறார். பின்னர் மின்வெட்டு படிப்படியாகக் குறைந்தது. 2014-க்குப் பிறகு யந்திரம் கொல்லைப்புறத்துச் சாய்ப்பில், பருத்திமாருக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. நம் வட்டாரத்தில் இப்படி எத்தனையோ வீடுகளில் 2012-ஆம் வருஷத்து ஜெனரேட்டர் கோணி போர்த்திக் கிடக்கிறது. அவற்றை உடையவர்களுக்காகவே இக்கட்டுரை.

இந்த யந்திரத்துக்குள் மின்சாரம் உண்டாகும் விதத்தைச் சற்று விளக்க வேண்டும். காந்தம் ஒன்று கம்பிச் சுருளின் அருகே சுழன்றால் சுருளில் மின்சாரம் பிறக்கும். இதை 1831-இல் இங்கிலாந்தில் மைக்கேல் பாரடே கண்டார். ஆனால் நம் வீட்டு ஜெனரேட்டரில் நிலையான காந்தம் இல்லை. இரும்புத் துண்டின் மேல் சுற்றிய கம்பியில் சிறிது மின்சாரத்தைச் செலுத்தி அந்த இரும்பையே காந்தமாக்கிச் சுழற்றுகிறார்கள். அந்தச் சிறிது மின்சாரம் எங்கிருந்து வருகிறது? யந்திரம் தானே உண்டாக்கும் மின்சாரத்தின் ஒரு பகுதியே திரும்ப அங்கே போகிறது. மின்சாரம் உண்டாகக் காந்தம் வேண்டும்; காந்தம் உண்டாக மின்சாரம் வேண்டும். முதலில் தொடங்கி வைப்பது யார்?

பால் தயிராவதற்கு ஒரு கரண்டி உறைமோர் வேண்டும். நேற்றைய தயிரில் மிச்சம் வைத்ததுதான் இன்றைய உறை. இரும்பும் அப்படியே. சென்ற முறை காந்தமாக இருந்ததன் மிச்சம் சிறிதளவு அதில் தங்கியிருக்கும். யந்திரம் சுழன்றதும் அந்த மிச்சக் காந்தத்தால் இரண்டு மூன்று வோல்ட் பிறக்கும், அது இரும்பை இன்னும் சற்றுக் காந்தமாக்கும், அதனால் பத்து வோல்ட், பிறகு நூறு, கண் இமைக்கும் நேரத்தில் இருநூற்று முப்பது வந்து நிற்கும். வெர்னர் சீமென்ஸ் என்னும் ஜெர்மானியர் இத்தத்துவத்தை விளக்கி எழுதியது 1867 ஜனவரியில் பெர்லின் அறிவியல் கழகத்தில் வாசிக்கப்பட்டது. அடுத்த மாதமே லண்டன் ராயல் சொசைட்டியில் வீட்ஸ்டன் என்பவரும் அதையே தனித்து எடுத்துரைத்தார். அதற்கு முன் பெரிய நிலைக் காந்தங்களைக் கட்டி அழுதுகொண்டிருந்த உலகம் பெரிய மின்நிலையங்களை நினைக்கத் தொடங்கியது இதன் பிறகுதான்.

அந்த உறைமோர் தீர்ந்துபோவதும் உண்டு. பல வருஷங்கள் ஓடாமல் கிடந்தால் மிச்சக் காந்தம் தேய்ந்துவிடலாம். யந்திரம் கீழே விழுந்து அதிர்ந்தாலும், விளக்குகளும் மோட்டாரும் இணைந்திருக்கும்போதே பெட்ரோல் தீர்ந்து அடங்கினாலும் அப்படி நேரக்கூடும். அப்போது எஞ்சின் குறையின்றி ஓடும். காயில் நன்றாகவே இருக்கும். மின்சாரம் மட்டும் பிறக்காது. பௌதிகம் படித்துப் பட்டம் பெற்றவனாகையால் இதைப் பரீட்சையில் ஒரு பக்கம் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். கண்ணால் கண்டது அன்றைக்குத்தான்.

(கயத்தாறு வழியாகத் திருநெல்வேலி போகிறவர்கள் காற்றாலைகளைப் பார்த்திருப்பார்கள். ஊரில் மின்சாரம் இல்லாத நேரத்தில், நல்ல காற்று அடித்தும் அவற்றில் பழைய வகைகள் நின்றுவிடுவதைக் கண்டு, “மின்சாரம் தருகிற யந்திரத்துக்கே மின்சாரம் வேண்டுமா?” என்று என்னிடம் கேட்டவர் உண்டு. வேண்டும்தான். அவற்றின் ஜெனரேட்டர்கள் தமக்கு வேண்டிய காந்தத்தை மின்வாரியத்தின் கம்பியிலிருந்தே பெறுகின்றன.)

மாலையில் அவர் வீட்டுக்குச் சென்றோம். பக்கத்து ஊரில் ஐ.டி.ஐ. படித்த ஒயர்மேன் இளைஞர் ஒருவர் தம் மீட்டருடன் வந்து சேர்ந்தார். முதலில் எளிய காரியங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். சுவிட்சுப் பலகையிலுள்ள பிரேக்கர் கீழே விழுந்திருக்கவில்லை. வீட்டு ஒயரை முற்றிலும் கழற்றிவிட்டு, யந்திரத்தின் பிளக்கிலேயே நூறு வாட் குண்டு பல்பு ஒன்றைச் சொருகினோம். வீட்டு ஒயரில் குற்றம் இருந்தால் இதிலேயே வெளிப்பட்டுவிடும். பல்பு எரியவில்லை. எஞ்சின் வேகம் குறைந்தாலும் மின்சாரம் வராது. இத்தகைய சிறு யந்திரம் நிமிஷத்துக்கு 3000 சுற்றுச் சுற்றினால்தான் நம் நாட்டுக்குரிய 50 சைக்கிள் கிடைக்கும். காதால் கேட்டவரையில் வேகம் சரியாகவே இருந்தது. எஞ்சினை நிறுத்திப் பின்மூடியைக் கழற்றியதும் உள்ளே குளவிக் கூடு ஒன்று, களிமண்ணும் புழுவுமாக, அகப்பட்டது. கரிசல் புழுதி எல்லா இடுக்கிலும் மாவாகப் படிந்திருந்தது. சுழலும் செப்பு வளையங்கள் இரண்டும் களிம்பேறிக் கறுத்திருந்தன. அவற்றின் மேல் உராயும் கார்பன் பிரஷ்கள் தேயவில்லை. மெல்லிய உப்புத்தாளால் வளையங்களைத் துடைத்துப் பளபளக்கச் செய்து மறுபடி ஓட்டினோம். விளக்கு எரியவில்லை.

அந்தச் சமயத்தில் உள்ளிருந்து அம்மாளின் இருமல் கேட்டது. மகன் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒன்றும் பேசவில்லை.

ஒயர்மேன் மீட்டரை எடுத்தார். யந்திரம் முழு வேகத்தில் ஓடும்போது பிளக்கில் இரண்டு வோல்ட்டுக்கும் குறைவு. நிறுத்திவிட்டுச் சுழலும் காயிலின் தடையை அளந்தார். ஐம்பது ஓம் சொச்சம் காட்டியது. கம்பி அறுந்திருந்தால் மீட்டர் ஒன்றும் காட்டாது. காயிலுக்கும் இரும்பு உடலுக்கும் இடையே தொடர்பு இருந்தால் காப்பு எரிந்துவிட்டது என்று பொருள், அதுவும் இல்லை. எரிந்த வாசனையும் இல்லை. காயில் போய்விட்டதாகச் சொன்னவர் மீட்டரையே எடுக்கவில்லை என்பது அப்போது தெரிந்தது.

பாட்டரியிலிருந்து சிறிது மின்சாரத்தைக் கொடுத்து இரும்பை மறுபடி காந்தமாக்கிப் பார்க்கலாம் என்று நான் சொன்னேன். மோட்டார் சைக்கிளின் 12 வோல்ட் பாட்டரியைக் கழற்றி, பிரஷ்களின் மேல் ஒயரை வைக்கப் போனேன். “ஐயா, பொறுங்கள். முதலில் ஏ.வி.ஆர். கம்பி இரண்டையும் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் அது போய்விடும்” என்று அவ்விளைஞர் என் கையைத் தடுத்தார். ஏ.வி.ஆர். என்பது வோல்ட்டைச் சீராக வைக்கும் சிறு பெட்டி. என் பட்டத்தில் அது இல்லை. நான் படித்த புத்தகத்திலும் இல்லை. அவர் இரண்டு கம்பிகளிலும் அடையாளம் வைத்துக் கழற்றினார். எஞ்சினை ஓட்டினோம், பல்பு உட்பட எதையும் பிளக்கில் சொருகவில்லை. பாட்டரியின் பிளஸ்ஸைப் பிளஸ் அடையாளமுள்ள பிரஷ்ஷிலும், மைனஸை மற்றதிலும் மூன்று விநாடி தொட வைத்தார். மீட்டர் முள் எழுபதைத் தாண்டி ஏறியது.

பார்ப்பதற்கு அது ஒன்றும் பெரிய காட்சியில்லை. ஆனால் காயில்கள் இரண்டும் நல்ல நிலையில் உள்ளன என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. யந்திரத்தை நிறுத்தி, ஏ.வி.ஆர். கம்பிகளைப் பழையபடி இணைத்து மறுபடி ஓட்டினோம். மீட்டர் 226 காட்டியது. பல்பைச் சொருகினோம். நெபுலைசர் வேலை செய்யத் தொடங்கும்போது மாலை ஆறரை மணி.

இந்த மூன்று விநாடிச் சோதனையையே வாசகர்கள் முக்கியமாக மனத்தில் கொள்ள வேண்டும். பாட்டரி கொடுத்ததும் மீட்டர் நன்றாக ஏறி, பிறகு ஏ.வி.ஆருடன் இணைத்ததும் மின்சாரம் நிலைத்தால், போனது மிச்சக் காந்தம் மட்டுமே, செலவு ஒன்றுமில்லை. பாட்டரி கொடுக்கும்போது ஏறி, ஏ.வி.ஆரை இணைத்ததும் ஒன்றும் இல்லாவிட்டால், குற்றம் பெரும்பாலும் அந்தச் சிறு பெட்டியில்தான். அதை மாற்றினால் போதும். பாட்டரி கொடுத்தும் மீட்டர் அசையாவிட்டால் மட்டுமே காயிலைச் சந்தேகிக்க வேண்டும்; ரீவைண்டிங் என்ற பேச்சு அங்கேதான் தொடங்க வேண்டும். நடைமுறையிலோ அது முதல் பேச்சாக இருக்கிறது. சங்கங்களின் கணக்குகளைப் பார்க்கும்போது, ஒரே ஜெனரேட்டருக்கு ஒரே வருஷத்தில் இரண்டு முறை ரீவைண்டிங் செலவு எழுதிய வவுச்சர்களைக் கண்டிருக்கிறேன். ரசீது சரியாக இருந்தது, தீர்மானம் இருந்தது, ஆகவே ஆட்சேபணைக்கு இடமில்லை. முதலில் என்ன சோதனை செய்தார்கள் என்று கேட்க எனக்கும் அப்போது தோன்றவில்லை. இப்போது கேட்கிறேன்.

எல்லா ஜெனரேட்டரும் ஒரே ஜாதியல்ல. சிறிய யந்திரங்கள் சிலவற்றில் பிரஷ்ஷும் இல்லை, ஏ.வி.ஆரும் இல்லை, கண்டென்சர் ஒன்றே அந்த வேலையைச் செய்கிறது. அவற்றில் மின்சாரம் வராவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்தக் கண்டென்சரைத்தான். மின்விசிறியில் கண்டென்சர் போவதைப் போன்றதே இது. மாற்றச் சொற்பச் செலவு. ஆனால் நிறுத்திய பிறகும் அதில் மின்சாரம் தேங்கியிருக்கும். வெறும் கையால் தொடக் கூடாது. அண்மைக் காலத்தில் வந்துள்ள, சத்தம் குறைந்த இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர்களில் நிலையான காந்தமே உள்ளது. அவற்றுக்குப் பாட்டரி கொடுக்கும் வித்தை பொருந்தாது, கொடுத்தால் கெடும். எந்த வகையாயினும், பாட்டரியை வீட்டுப் பிளக்கில் சொருகிப் பார்க்க எண்ணுவது விபரீதம். மேலே சொன்ன சோதனையை ஒயர்மேனைக் கொண்டே செய்விக்க வேண்டும். ஓடும் யந்திரத்துக்குள் கையை நீட்டும் வேலை அது. அங்கத்தினர் செய்ய வேண்டியது, அந்தச் சோதனையைக் கேட்டு வாங்குவது.

அன்று நான் கண்ட வேறு இரண்டு காரியங்கள், மின்சாரம் வராததைக் காட்டிலும் பயங்கரமானவை.

மழைக்கு ஒதுக்கி, யந்திரத்தைச் சமையற்கட்டு வாசலில் வைத்து ஓட்டியிருந்தார்கள். அதன் புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குகிறவன் தூங்கியபடியே போய்விடுவான். மூச்சுக் கோளாறுள்ள ஒருவருக்காகவே ஓட்டும் யந்திரத்தின் புகை அவர் படுத்திருக்கும் அறைக்கே போய்க்கொண்டிருந்தது என்பதை நினைக்கும்போது இப்போதும் உடல் நடுங்குகிறது. யந்திரத்தைத் திறந்த வெளியில், வீட்டின் கதவு ஜன்னல்களுக்கு எட்ட, மேலே ஒரு தகரக் கூரை மட்டும் போட்டு வைப்பதே முறை. கதவைத் திறந்து வைத்தால் போதும் என்பது தவறு.

மற்றது, இருபுறமும் ஆண் பிளக் உள்ள ஒயர் ஒன்று. அதன் ஒரு முனையை ஜெனரேட்டரிலும், மறுமுனையை வீட்டுச் சுவரிலுள்ள பிளக்கிலும் சொருகி வீடு முழுவதும் விளக்கேற்றும் வழக்கம் நம் கிராமங்களில் பரவலாக இருக்கிறது. மெயின் சுவிட்சை அணைக்க மறந்தால் அந்த மின்சாரம் தெருக் கம்பிக்கும் போகும். ஊர் எல்லையிலுள்ள டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டை வீட்டுக்கு ஏற்றபடி இறக்குவது போலவே, எதிர்த்திசையில் வந்ததை மேலே ஏற்றியும் விடும். அறுந்த கம்பியை இழுத்துக் கட்ட, மின்சாரம் இல்லை என்ற நம்பிக்கையில் கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியரின் நிலையை எண்ணிப் பாருங்கள். சேறு படிந்த அக்காட்டில் அன்றும் அவர்கள் வேலை செய்துகொண்டுதான் இருந்தார்கள். ஆதலால் இரண்டில் ஒன்றுக்கு மட்டுமே வழிவிடும் சேஞ்ச் ஓவர் சுவிட்சை உரிமம் பெற்ற ஒயர்மேனைக் கொண்டு பொருத்தாமல் ஜெனரேட்டரை வீட்டு ஒயருடன் இணைக்கவே கூடாது. அதற்குப் பணமில்லாதவர்கள், வேண்டிய கருவியை மட்டும் தனி ஒயரில் நேராக யந்திரத்திலிருந்து ஓட்டிக்கொள்ளலாம். அங்கத்தினர்கள் கடன் கேட்பதானால் இதற்குக் கேட்கட்டும். நான் தாமதிக்க மாட்டேன்.

நம் மண்ணுக்கே உரிய ஒரு தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடிக்கும். எர்த்துக்காகப் புதைத்த கம்பியை விட்டு மண் விலகி நிற்கும். பார்வைக்கு எர்த்து இருக்கும், வேலை செய்யாது. அக்குழியில் கோடை முழுவதும் அவ்வப்போது தண்ணீர் ஊற்றி வருவது நல்லது.

யந்திரத்தைக் காப்பதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. மாதம் ஒரு முறை கால் மணி நேரமாவது இரண்டு மூன்று விளக்குகளுடன் ஓட்டுவது. நிறுத்துவதற்கு முன் விளக்குகளை அணைத்துவிடுவது. நெடுநாள் வைப்பதானால் பெட்ரோலை வடித்துவிடுவது. இக்காலத்துப் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் அது ஈரத்தை இழுக்கும். கார்புரேட்டரில் தங்கினால் அரிக்கும்.

அந்த நெசவாளர் வீட்டுக்குச் சென்ற மாதம் போயிருந்தேன். தறிக்கு ஓய்வு கொடுக்கும் அமாவாசைதோறும் யந்திரத்தை ஓட்டிவிடுகிறார்களாம். கொல்லையில் வேம்புக்கு அப்பால் நான்கு கல்தூணும் தகரமுமாக அதற்கு ஓர் இடம் ஏற்பட்டிருக்கிறது. இரட்டை ஆண் பிளக் ஒயரைக் காணோம். அன்று அமாவாசையாதலால் எனக்கு ஓட்டியும் காட்டினார்கள். அவருடைய தாயார் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். “நீங்கள்தான் இதற்கு உயிர் கொடுத்தவர்களா? மாசா மாசம் இந்தச் சத்தம் காதைத் துளைக்கிறது, தம்பி” என்று என்னிடம் புகார் செய்தார்.